மழலையர் கல்விக்கு வீட்டுப் பொருள்களே போதும்: பெற்றோருக்கும் அங்கன்வாடிகளுக்கும் ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் ஜூன் மாதம் நெருங்கும்போது, மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் பலர் என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்களிடம் வந்து, எந்தக் கல்விப் பெட்டியை வாங்கலாம், எந்தச் செயலியைக் கைப்பேசியில் இறக்கிக் கொடுக்கலாம் என்று கேட்கிறார்கள். பிள்ளை பின்தங்கிவிடக் கூடாதே என்னும் கவலையில் எழும் கேள்வி அது. அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனாலும், கிராமத்து அரசுத் தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்புப் பிள்ளைகளுடன் பல்லாண்டு கழித்தவள் என்ற முறையில், எதையும் வாங்க வேண்டியதில்லை என்பதே என் விடை. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு எண்ணும் எழுத்தும் ஊன்றுவதற்கு, அடுப்பங்கரையிலும் கொல்லையிலும் கிடக்கும் பொருள்களும், பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்து விளையாட ஒரு பெரியவரும் போதும். இவ்விரண்டிலும் பொருளைவிடப் பெரியவரின் பேச்சே முக்கியம் என்று உறுதியாக நம்புவதால்தான், சற்று நீண்டாலும் பரவாயில்லை என்று இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதல் வகுப்பில் சேர வரும் பிள்ளைகளில் பலர் ஒன்று முதல் நூறு வரை தடங்கலின்றி ஒப்பிப்பார்கள். அதே பிள்ளைகளின் முன்னால் ஒரு பிடி புளியங்கொட்டையைக் கொட்டி, "இதில் ஏழு எடுத்துக் கொடு, கண்ணு" என்று கேட்டால், சிலர் கைக்கு வந்ததை அள்ளி நீட்டுவார்கள். சிலர் ஒரே கொட்டையை இரண்டு முறை தொட்டு எண்ணுவார்கள். இன்னும் சிலர் ஏழைத் தாண்டியும் நிறுத்தாமல் எண்ணிக்கொண்டே போவார்கள். எண்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லத் தெரிந்திருப்பது ஒரு திறமை. ஒரு பெயருக்கு ஒரு பொருள் என்று பொருத்தவும், கடைசியாகச் சொன்ன எண்தான் அத்தனைக்கும் உரிய அளவு என்று உணரவும் முடிவது முற்றிலும் வேறொரு திறமை. இந்த இரண்டாவது திறமை ஒப்பித்தலால் வருவதில்லை. தொட்டு, நகர்த்தி, பங்கிட்டு, பிசகி, மறுபடியும் எண்ணிப் பார்த்துத்தான் வருகிறது. இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில், "நாம் எத்தனை பேர் சாப்பிடப் போகிறோம், ஆளுக்கொரு தட்டு எடுத்து வை" என்று நான்கு வயதுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். முதலில் ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லிக்கொண்டு ஒவ்வொரு தட்டாக எடுக்கும். சில வாரங்களில் ஐந்து தட்டுகளை ஒன்றாக எண்ணி எடுத்துவரும். மாமா திடீரென்று வந்துவிட்டால், "இன்னும் ஒன்று வேண்டும், அப்படியானால் ஆறு" என்று அதுவே சொல்லும். கூட்டல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

நம் வீடுகளில் பாட்டிமார் ஆடிவந்த ஒற்றையா இரட்டையா என்னும் விளையாட்டு இந்த வயதுக்கென்றே அமைந்தது போன்றது. உள்ளங்கையில் சில கொட்டைகளை மூடி வைத்துக்கொண்டு கேட்க, எதிரில் இருப்பவர் ஒற்றையா, இரட்டையா என்று ஊகித்துச் சொல்ல, பிறகு கையைத் திறந்து இரண்டிரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இணை சேராமல் ஒன்று தனித்து நின்றால் அது ஒற்றை என்பதை விளக்கத் தேவையே இல்லை; கண்ணே காட்டிக்கொடுத்துவிடும். இதற்கு அடுத்த படியாக நான் வகுப்பில் அதிகம் பயன்படுத்தியது ஒரு கொட்டாங்குச்சியும் ஐந்து கொட்டைகளும்தான். ஐந்தையும் பிள்ளைக்குக் காட்டிவிட்டு, அது கண்ணை மூடியிருக்கும்போது சிலவற்றைக் கொட்டாங்குச்சிக்கு அடியில் மறைத்துவிட்டு, வெளியில் தெரிவதை வைத்துக்கொண்டு உள்ளே எத்தனை இருக்கும் என்று கேட்க வேண்டும். வெளியில் மூன்று இருந்தால் உள்ளே இரண்டு, வெளியில் ஒன்று இருந்தால் உள்ளே நான்கு என்று சட்டென்று சொல்லும் நிலை வந்த பிறகு, ஆறு, ஏழு என்று கூட்டிக்கொண்டே போகலாம். பத்து வரை இப்படிப் பிரித்தும் சேர்த்தும் பழகிய பிள்ளை, பின்னாளில் 8+5 என்ற கணக்கைப் பார்த்தால் விரலை மடக்காமல், எட்டுக்கு இரண்டைக் கொடுத்துப் பத்தாக்கி, மீதி மூன்றைச் சேர்க்கும். பிறகு, கொட்டாங்குச்சிக்குள் மறைத்து வைப்பது பிள்ளையின் முறையாகவும் கண்டுபிடிப்பது நம் முறையாகவும் மாற வேண்டும். நாம் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னால், அதைத் திருத்துவதில் பிள்ளை அடையும் மகிழ்ச்சிக்கு ஈடில்லை.

ஆய்வுலகத்திலிருந்து ஒரு செய்தியை இங்கே குறிப்பிட வேண்டும். அமெரிக்காவில் கீதா ராமணி, ராபர்ட் சீக்ளர் என்னும் இரண்டு உளவியல் ஆய்வாளர்கள், வருமானம் குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த முன்பருவப் பிள்ளைகளிடம் ஓர் எளிய அட்டை விளையாட்டை ஆடச் செய்து, அதன் முடிவுகளை 2008-இல் வெளியிட்டார்கள். ஒரே வரிசையில் 1 முதல் 10 வரை எண் எழுதிய கட்டங்கள், சுழற்றினால் 1 அல்லது 2 விழும் ஒரு முள், ஆளுக்கொரு காய் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. ஒரு குழு எண் எழுதிய அட்டையிலும், இன்னொரு குழு எண்ணில்லாத வண்ண அட்டையிலும் ஆடியது. இரண்டு வார காலத்துக்குள் கால் மணி நேரம் அளவிலான நான்கு அமர்வுகள்தாம். எண் அட்டையில் ஆடிய பிள்ளைகள் எண்களை அடையாளம் காண்பதிலும், எது பெரிய எண் என்று ஒப்பிடுவதிலும் தெளிவான முன்னேற்றம் கண்டார்கள். ஒன்பது வாரங்களுக்குப் பிறகும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. கட்டங்களை வட்டமாக அமைத்தால் இதே பலன் கிடைக்கவில்லை என்பதை அவர்களே மறு ஆண்டு வெளியிட்ட ஆய்வு காட்டியது. எண்கள் ஒரு நேர்க்கோட்டில் இடமிருந்து வலமாக வளர்ந்துகொண்டே போகின்றன என்ற சித்திரம் பிள்ளையின் மனத்தில் பதிவதே இதற்குக் காரணம்.

இந்த அட்டையைச் செய்ய ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையும் ஒரு பேனாவும் போதும். முள்ளுக்குப் பதிலாக ஒரு ரூபாய் நாணயத்தைச் சுண்டலாம்; தலை விழுந்தால் ஒன்று, பூ விழுந்தால் இரண்டு. ஆனால் ஒரு விதியை மட்டும் விட்டுவிடக் கூடாது. நான்காம் கட்டத்தில் நிற்கும் பிள்ளைக்கு இரண்டு விழுந்தால், காயை நகர்த்தும்போது "ஒன்று, இரண்டு" என்று சொல்லாமல், கட்டத்தில் எழுதியுள்ளபடி "ஐந்து, ஆறு" என்று சொல்லி நகர்த்த வேண்டும். விளையாட்டின் பலன் பெரும்பாலும் இந்த ஒன்றில்தான் அடங்கியிருக்கிறது. நம்முடைய பரமபதம் அருமையான விளையாட்டுத்தான். என்றாலும் அதில் எண்கள் ஒரு வரிசையில் இடமிருந்து வலமாகவும் அடுத்த வரிசையில் வலமிருந்து இடமாகவும் திரும்பித் திரும்பி ஏறுவதாலும், ஏணியும் பாம்பும் குறுக்கிடுவதாலும், நான்கு வயதுப் பிள்ளைக்கு வழி தப்பிவிடுகிறது. நேர்வரிசை அட்டையில் நன்கு பழகிய பிறகு பரமபதத்துக்குப் போவதே முறை. தாயக்கட்டையில் இரண்டு கட்டைகளிலும் புள்ளியில்லாத முகம் விழுந்தால் பன்னிரண்டு என்பது போன்ற மரபுகள் இருப்பதால், அதைப் பெரிய பிள்ளைகளுக்கு விட்டுவிடலாம். மூன்று புலியும் பதினைந்து ஆடும் கொண்டு ஆடும் ஆடுபுலி ஆட்டமும் அப்படித்தான்.

பல்லாங்குழியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும், ஏனென்றால் எண்ணறிவுக்கு இதைவிடச் சிறந்த கருவியை நான் எந்தக் கடையிலும் கண்டதில்லை. இரண்டு பக்கமும் ஏழேழாகப் பதினான்கு குழிகள்; குழிக்கு ஐந்து காய் என்று வைத்தால் மொத்தம் எழுபது காய்கள். ஒரு குழியிலிருந்து அள்ளியதை அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போகும்போது, ஒரு குழிக்கு ஒரு காய் என்ற பொருத்தம் விரல்களுக்கே பழகிவிடுகிறது. நான்கு காய் சேர்ந்த குழி பசுவாகிவிடும், அதாவது அந்த நான்கையும் எடுத்துக்கொள்ளலாம் என்பதால், எந்தக் குழியில் எத்தனை கிடக்கிறது என்பதை எண்ணாமலே கண்ணால் பிடிக்கப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. நான்கு வரையிலான பொருள்களை எண்ணாமல் ஒரே பார்வையில் அறியும் ஆற்றல் சிறு வயதிலேயே அமையக்கூடியது; அந்த ஆற்றலைப் பசு என்ற விதி ஒவ்வொரு சுற்றிலும் வேலைவாங்குகிறது. கையிலுள்ள காய் எந்தக் குழியில் தீரும், அதற்கு அடுத்த குழி வெறுமையாக இருக்குமா என்று முன்கூட்டியே பார்ப்பதில் திட்டமிடுதலும் வந்துவிடுகிறது. முழு ஆட்டம் நான்கு வயதுக்கு நீளம் அதிகம். ஆகவே பக்கத்துக்கு மூன்று குழிகள், குழிக்கு மூன்று காய்கள் என்று சுருக்கித் தொடங்கலாம். பலகை இல்லாத வீட்டில் முட்டை வைக்கும் அட்டையைக் கத்தரித்துக்கொள்ளலாம். அதுவும் இல்லையென்றால் மண் தரையில் குழி தோண்டி ஆடலாம், கிராமங்களில் மாடு மேய்க்கப் போன பிள்ளைகள் ஆடியது அப்படித்தான்.

எழுத்துக்கு வருகிறேன். தமிழ் நெடுங்கணக்கில் எழுத்துகள் 247 என்ற எண்ணமே பெற்றோரை அச்சுறுத்தி, மூன்று வயதிலேயே பலகையைக் கையில் கொடுக்க வைத்துவிடுகிறது. எழுத்து என்பது ஒலிக்கு இட்ட வடிவம். ஒலியைக் காதால் பிரித்தறியாத பிள்ளைக்கு வடிவத்தைக் கொடுத்தால், அது அந்த வடிவத்தைப் படமாக மனப்பாடம் செய்துகொள்ளுமே தவிர, வாசிக்காது. எனவே முதல் விளையாட்டுகள் காதுக்கும் வாய்க்கும் உரியவையாக இருக்க வேண்டும். சந்தையிலிருந்து வந்த பையைக் கவிழ்த்து, காய்கறிகளின் பெயருக்குக் கைதட்டிப் பார்க்கலாம்: வெண்டைக்காய்க்கு மூன்று தட்டு, முருங்கைக்காய்க்கு நான்கு தட்டு. பிறகு, "க என்று தொடங்கும் பொருள் ஒன்று இந்த அறையில் இருக்கிறது, என்னவென்று கண்டுபிடி" என்று கேட்டால், பிள்ளை கதவையும் கரண்டியையும் கண்ணாடியையும் தேடிக்கொண்டு ஓடும். ஒரு சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் அந்தாதி விளையாட்டைச் சிலர் இந்த வயதிலேயே ஆட வைக்கிறார்கள். தமிழ்ச் சொற்கள் பல மெய்யெழுத்தில் முடிவதாலும், ன, ள, ழ போன்றவை சொல்லுக்கு முதலில் வாராததாலும் சிறு பிள்ளை திணறிப்போகும். அது ஏழெட்டு வயதுக்கு உரியது.

குறில் நெடில் வேறுபாட்டுக்கு ஒரு விளையாட்டு உண்டு. அதன் பலனை நான் கண்கூடாகக் கண்டிருக்கிறேன். கல் என்றால் இரண்டு உள்ளங்கைகளையும் அருகருகே வைக்க வேண்டும்; கால் என்றால் கைகளை அகல விரிக்க வேண்டும். பல், பால், குடை, கூடை, முடி, மூடி, மலை, மாலை என்று வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் வீடு சிரிப்பால் நிறைந்துவிடும். மூன்றாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் சொல்வதெழுதும்போது துணைக்காலை விட்டுவிடும் பிள்ளைகளைக் கவனக்குறைவு என்று கண்டிக்கிறோம். அவர்களில் பலருக்குக் குறை கவனத்தில் இல்லை. நெடிலின் நீட்சி சிறு வயதில் காதில் பதியாமல் போனதுதான் காரணம். லகர, ளகர, ழகர வேறுபாடும் இவ்வாறே விளையாட்டாகப் பதிய வேண்டும். அதற்கு முதலில் வீட்டிலுள்ள பெரியவர்கள் பழத்தைப் பழம் என்று உச்சரிக்க முயல வேண்டும்.

காது பழகிய பிறகே கை. விசயதசமியன்று நெல்லிலோ அரிசியிலோ பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதச் செய்துவிட்டு, மறுநாளே பென்சிலைக் கொடுத்துவிடுகிறோம். அந்த அரிசித் தட்டை இன்னும் ஓராண்டுக்கு வைத்திருந்தால் எவ்வளவோ நன்மை. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதித்தான் எழுத்துக் கற்றார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், இங்கே கண்ட அந்த மணல் எழுத்து முறையைத் தம் பள்ளியில் புகுத்தி, 1797-இல் லண்டனில் அறிக்கையாக வெளியிட, அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவச் செய்த மரியா மாண்டிசோரி அம்மையாரும் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர்தாம். இன்று ஒரு தாம்பாளத்தில் ரவையைப் பரப்பினால் அதே பயன் கிடைக்கும். தவறினால் தட்டைக் குலுக்கினால் போதும், பக்கம் பாழாவதில்லை, பிள்ளைக்கு அச்சமும் இல்லை.

எழுதும் கைக்கு வலிமை எழுதுவதால் மட்டும் வருவதில்லை. மணிக்கட்டு எலும்புகள் முழுமையாக உருவாகி முடியப் பல ஆண்டுகள் ஆகும் நிலையில், மூன்று வயதில் பென்சிலை அழுத்திப் பிடிக்கச் சொல்வது பிள்ளைக்குத் துன்பம். பூண்டு உரித்தல், பட்டாணி உரித்தல், சப்பாத்தி மாவை உருட்டுதல், துணிக் கவ்விகளைக் கொடிக்கயிற்றில் மாட்டுதல், ஈரத்துணியைப் பிழிதல், ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்குச் சிந்தாமல் தண்ணீர் மாற்றுதல் ஆகிய ஒவ்வொன்றும் விரல் நுனிகளைப் பண்படுத்தும் பயிற்சி. வாழைநாரில் பூக்கட்டப் பழகும் பிள்ளை, இரண்டு மல்லிகைக்கு ஒரு கனகாம்பரம் என்று வரிசை மாறாமல் வைத்தால், அடுத்து வருவது எது என்று முன்னறியும் கணிதத்தையும் சேர்த்தே கற்கிறது. ஐந்து புள்ளி, ஐந்து வரிசைக் கோலமும் அப்படித்தான். புள்ளியை எண்ணி வைப்பதும், இடப்பக்கத்து வளைவை வலப்பக்கத்தில் திருப்பிப் போடுவதும் பிற்காலத்துச் சமச்சீர் வடிவப் பாடத்துக்கு முன்னோட்டம். பெண் பிள்ளைகளுக்கு மட்டும் இவற்றைக் கொடுத்துவிட்டு ஆண் பிள்ளைகளை விலக்கி வைப்பது, அவர்களுக்கு நாம் செய்யும் அநீதி என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர் விளையாட்டுகள் பல உண்டு. எது மிதக்கும், எது மூழ்கும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லிவிட்டு, பிறகு வாளியில் போட்டுப் பார்க்கலாம். உயரமான டம்ளரிலிருந்து அகன்ற கிண்ணத்துக்குத் தண்ணீரை மாற்றி, இப்போது கூடியதா, குறைந்ததா என்று கேட்கலாம். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த அறிஞர் பியாஜே காட்டியபடி, ஏறத்தாழ ஏழு வயது வரை பெரும்பாலான பிள்ளைகள் உயரமான டம்ளரில்தான் அதிகம் என்பார்கள். அதைத் தவறு என்று திருத்த வேண்டியதில்லை. மீண்டும் மீண்டும் ஊற்றிப் பார்க்க விட்டாலே போதும்.

இனி நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது, பெரியவர் எப்படி உடன் விளையாடுகிறார் என்பதை. பல வீடுகளில் விளையாட்டு தொடங்கிய இரண்டாவது நிமிடத்திலேயே அது தேர்வாக மாறிவிடுகிறது. "இது என்ன நிறம்? இது எத்தனை? நேற்றுச் சொன்னேனே, மறந்துவிட்டாயா?" என்று கேள்வி அடுக்கப்படும்போது பிள்ளை எழுந்து போய்விடுகிறது; போன பிறகு, இவனுக்கு ஒருமுகப்பாடு இல்லை என்று குறை சொல்கிறோம். கேள்விக்குப் பதிலாக, நாம் செய்வதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விளையாடினால் போதும். "எனக்கு மூன்று வந்திருக்கிறது, உனக்கு ஐந்து, உன்னிடம் இரண்டு அதிகம்" என்று நாம் சொல்வதைக் கேட்கும் பிள்ளை, சில நாளில் அதே வாக்கியத்தைத் தானே சொல்லும். கேட்டால் விடைக்காகக் காத்திருக்க வேண்டும். சிறு பிள்ளைக்கு யோசிக்க நம்மைவிட அதிக நேரம் வேண்டும். மூன்று வயதுக்குப் பத்து நிமிடம் போதும். பிள்ளை இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே எடுத்து வைத்துவிட்டால், மறுநாள் அதுவே தேடி வரும். விதியைப் பிள்ளை தன் போக்கில் மாற்றினால், மாற்றிய விதிப்படி நாமும் ஆட வேண்டும். செயலி இதைத்தான் செய்ய முடியாது. சரியான பொத்தானை அழுத்தினால் இசை ஒலிக்கும், தவறினால் வேறோர் ஒலி வரும். ஏன் அப்படி நினைத்தாய் என்று அது கேட்காது. 2 வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அந்த ஒரு மணி நேரமும் உச்ச வரம்பே தவிர, கட்டாயம் கொடுக்க வேண்டிய அளவன்று.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்கும் தாய்மார்களை நான் அறிவேன். நூறு நாள் வேலைக்கோ பின்னலாடைத் தொழிற்சாலைக்கோ போய்விட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்பி அடுப்பைப் பற்ற வைக்கும் பெண்ணிடம், தனியே உட்கார்ந்து பிள்ளையோடு விளையாடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதனால்தான் வேலையோடு வேலையாக நடக்கக்கூடியவற்றையே தேர்ந்து மேலே குறிப்பிட்டேன். துணி மடிக்கும்போது அப்பாவின் துணி, அம்மாவின் துணி, தம்பியின் துணி என்று பிள்ளை தரம் பிரிக்கட்டும். வெங்காயம் உரிக்கும்போது சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக அடுக்கட்டும். பேருந்துக்குக் காத்திருக்கும்போது கல், கால் விளையாட்டை ஆடலாம். தாத்தா பாட்டி இருக்கும் வீடுகளில் அவர்களைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. தந்தையர் இதில் பங்கு பெற வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியிருப்பதே வருத்தத்துக்குரியது.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் இக்கடிதத்தை அனுப்ப முடியாது. மூன்று வயது நிரம்பாத குழந்தை எதையும் வாயில்தான் முதலில் போட்டுப் பார்க்கும். ஏறத்தாழ 3 சென்டிமீட்டருக்கும் சிறிதான எந்தப் பொருளும் மூச்சுக்குழலை அடைக்கக்கூடும் என்பதால், புளியங்கொட்டை, சோழி, பொத்தான், பாட்டில் மூடி, நிலக்கடலை எதுவும் அந்த வயதில் விளையாட்டுப் பொருளாகக் கூடாது; அவர்களுக்குக் கரண்டி, டம்ளர், உருளைக்கிழங்கு, கொட்டாங்குச்சி போதும். அதற்கு மேற்பட்ட வயதிலும் பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் காய்களை எண்ணி எடுத்து வைக்க வேண்டும். எண்ணி வைப்பதும் ஒரு விளையாட்டே. பல்லாங்குழிக்குக் குன்றிமணியைப் பயன்படுத்தும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது; சிவப்பும் கருப்புமாகப் பார்க்க அழகான அந்த விதையை மென்றால் உயிருக்கே ஆபத்தான நச்சு உடலில் சேரும். ஆமணக்கு, காட்டாமணக்கு விதைகளும் அவ்வாறே நஞ்சு. இம்மூன்றையும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எந்த விளையாட்டுக்கும் எடுக்கவே கூடாது. பேசும் பொம்மைகளிலும் தொலையியக்கிகளிலும் உள்ள பொத்தான் வடிவ மின்கலத்தை விழுங்கினால் உணவுக்குழலே வெந்து போகும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். தண்ணீர் விளையாட்டு முடிந்தவுடன் வாளியைக் கவிழ்த்துவிட வேண்டும், ஏனெனில் சில அங்குல நீரும் தவழும் குழந்தைக்கு ஆபத்து.

அரசுத் திட்டங்களில் விளையாட்டு இடம்பெறவில்லை என்று நான் குறை கூறவில்லை. 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் இன்று தமிழகத்தின் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் இருக்கின்றன. அவற்றுக்கென நம் மாநிலம் வகுத்த பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்பதுதான். 2022 ஜூன் மாதம் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து ஆடல், பாடல், பொம்மலாட்டம் வழியே கற்பிக்கச் சொல்கிறது. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமமும் 3 முதல் 8 வயதினருக்கான விளையாட்டுப் பொருள் பெட்டியை 2023-இல் வெளியிட்டது. ஆனால் அங்கன்வாடியில் ஆடியதை வீட்டில் தொடர்வார் இல்லை, மறுபுறம், எல்.கே.ஜி. பிள்ளைக்கே பக்கம் பக்கமாக எழுத்துவேலை கொடுக்கும் தனியார் பள்ளிகளைத்தான் தரமானவை என்று பெற்றோர் நம்புகிறார்கள். முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவிட்டது. அதைவிடச் சிறிய பிள்ளைகள் இன்றும் இரவு ஒன்பது மணிக்கு அழுதுகொண்டே எழுதுகிறார்கள். பள்ளிகளைக் கேட்பதற்கு முன், நோட்டில் எத்தனை பக்கம் நிரம்பியிருக்கிறது என்று பார்த்துப் பள்ளியை மதிப்பிடும் வழக்கத்தைப் பெற்றோராகிய நாம் விட வேண்டும்.

குழந்தை வளர்ச்சித் துறைக்கு என் வேண்டுகோள், புதிய நிதி எதுவும் தேவைப்படாத ஒன்று. அங்கன்வாடிகளில் பெற்றோர் கூடும் நாள்களில், அந்த மாதத்துக்கு ஒரு விளையாட்டு என்று தேர்ந்துகொண்டு, அதைச் சொல்லி விளக்குவதோடு நிறுத்தாமல், தாய் தந்தையரைத் தரையில் உட்காரவைத்துத் தங்கள் பிள்ளையோடு கால் மணி நேரம் ஆடச் செய்ய வேண்டும். ஆடிப் பார்த்தவர்கள்தாம் வீட்டில் ஆடுவார்கள்; துண்டுத்தாளில் அச்சிட்டுக் கொடுத்தது அலமாரிக்கு அடியில் போய்விடும். அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு ஏற்கெனவே பதிவேடுகளின் சுமையும் கைப்பேசிச் செயலியில் விவரம் ஏற்றும் சுமையும் மிகுதி என்பதை அறிவேன். ஆகவே இதற்கென்று இன்னொரு பதிவேட்டைத் திறந்துவிடக் கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. படித்து முடித்த நாளிதழே எழுத்து விளையாட்டுக்கு மிகச் சிறந்த பொருள். தலைப்புச் செய்தியில் எத்தனை 'ம' இருக்கிறது என்று தேடி வட்டமிடும் நான்கு வயதுப் பிள்ளை, தன் பெயரின் எழுத்துகளைக் கண்டுபிடித்ததும் கத்தரித்து ஒட்டும். வார இதழில் சிறுவர்களுக்கென்று தாங்கள் ஒதுக்கும் பக்கத்தில் கதையும் புதிரும் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கே பயன்படுகின்றன. அதில் உள்ளங்கை அளவு இடத்தை, இன்னும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளின் பெற்றோருக்காக ஒதுக்கி, வாரம் ஒரு விளையாட்டை வெளியிட்டால் பேருதவியாக இருக்கும். அதில் எந்த வயதுக்கு உரியது, வீட்டில் எதை எடுத்துக்கொள்ள வேண்டும், விளையாடும்போது என்ன பேசலாம், எதில் கவனம் வேண்டும் என்ற நான்கும் இருந்தால் போதும். விளம்பரக் கலப்பு வேண்டாம். முதல் வாரத்தில் 1 முதல் 10 வரையிலான எண் வரிசையைப் பக்கத்தின் அகலம் முழுவதற்கும், கட்டங்கள் விரலால் காய் நகர்த்தும் அளவுக்குப் பெரியதாக இருக்குமாறு அச்சிட்டுத் தந்தால், பெற்றோர் அதைக் கத்தரித்து அட்டையில் ஒட்டி, அன்று மாலையே நாணயத்தைச் சுண்டி ஆடத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை,
மன்னார்குடி, திருவாரூர் மாவட்டம்.